சுழற்சியால் காலவெளியில் துளை விழுமா?

வாசகர் கேள்வி – பதில்

இம்முறை வந்த கடிதங்களில் நான்கு ஒரே பொருளைப் பற்றியவை: காலமும் இடமும் ஒன்றாகப் பின்னிய காலவெளியும், அதில் விழக்கூடும் எனப்படும் துளைகளும். நான்கும் நீலகிரியிலிருந்தும் பழனி மலையிலிருந்தும் வந்திருக்கின்றன. ஒன்றுக்குச் சொல்லும் விடை அடுத்ததற்கும் வழி திறப்பதால், மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒத்திவைத்து, இந்தப் பகுதி முழுவதையும் இவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: தினமும் மோர் கடைகிறவள் நான். மத்தை வேகமாகச் சுழற்றும்போது நடுவில் குழி விழுவதைப் பார்த்திருக்கிறேன். பூமியும் இப்படித்தான் தன்னைச் சுற்றியுள்ள காலவெளியை இழுத்துக்கொண்டு சுழல்கிறது என்று கல்லூரியில் படிக்கும் என் மகன் சொல்கிறான். அப்படியானால், பூமியைவிடப் பல மடங்கு கனமான ஒரு பொருள் மிக வேகமாகச் சுழன்றால், அந்தக் குழி ஆழமாகிக்கொண்டே போய் மறுபுறம் திறந்துகொள்ளாதா? புழுத்துளை என்று சொல்வது அதைத்தானா?
– ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: தங்கள் கடிதத்தைப் படித்த அன்று மாலையே, உதகையில் என் வீட்டுச் சமையலறையில் ஓர் அகன்ற பாத்திரத்தில் மோரை ஊற்றி, கறிவேப்பிலையைப் பொடியாகக் கிள்ளித் தூவி, மத்தைச் சுழற்றிப் பார்த்தேன். மத்தை ஒட்டிக் கிடந்த துணுக்குகள் அதனோடு சேர்ந்து விறுவிறுவென்று சுற்றின. இரண்டு விரற்கடை தள்ளிக் கிடந்தவை நிதானமாக நகர்ந்தன. பாத்திரத்தின் விளிம்பை ஒட்டிக் கிடந்தவை அசைந்ததாகவே தெரியவில்லை. உள்ளங்கைகளை மாற்றித் தேய்த்து மத்தை எதிர்த்திசையில் திருப்பியதும், அருகில் இருந்தவை உடனே திசை மாறின. தள்ளி இருந்தவை சற்றுத் தயங்கி மாறின.

தங்கள் மகன் சொன்னதில் தவறில்லை. ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் கோட்பாடு 1915-ல் வெளிவந்து மூன்று ஆண்டுகள் கழிந்து, 1918-ல் ஆஸ்திரிய அறிஞர்கள் யோசெப் லென்சேவும் ஹான்ஸ் திரிங்கும் இந்த விளைவைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். சுழலும் பொருள் காலவெளியை வளைப்பதோடு நில்லாமல், தான் சுழலும் திசையில் அதைச் சற்றே முறுக்கவும் செய்கிறது. தூரம் இரு மடங்கானால் இந்த இழுப்பு எட்டில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். விளிம்பில் கிடந்த கறிவேப்பிலை அசையாமல் இருந்ததற்கு இதைக் கிட்டத்தட்ட ஓர் உவமையாகக் கொள்ளலாம்.

இதை அளந்தும் பார்த்துவிட்டார்கள். கிராவிட்டி புரோப் பி என்ற விண்கலம் 2004 ஏப்ரல் 20 அன்று ஏவப்பட்டு, சுமார் 642 கி.மீ. உயரத்தில் துருவங்களுக்கு மேலாகப் பூமியைச் சுற்றி வந்தது. அதனுள் மேசைப்பந்து அளவில் நான்கு குவார்ட்ஸ் உருண்டைகள், நியோபியம் பூசப்பட்டு, திரவ ஹீலியத்தின் குளிரில் சுழன்றுகொண்டிருந்தன. பூமி காலவெளியை இழுக்காமல் இருந்திருந்தால் அவற்றின் அச்சுகள் பூமி சுழலும் திசையில் திரும்பியிருக்கவே கூடாது. கோட்பாட்டின்படி ஆண்டுக்கு 39.2 மில்லி வில்நொடி திரும்ப வேண்டும் (ஒரு பாகையின் 3,600-ல் ஒரு பங்கு ஒரு வில்நொடி; அதன் ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லி வில்நொடி). 2011-ல் வெளியான முடிவு 37.2 என்றும், அதில் 7.2 வரை முன்பின் இருக்கலாம் என்றும் சொன்னது. இந்த வேகத்தில் ஓர் அச்சு ஒரே ஒரு பாகை திரும்புவதற்கு 90,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். இத்தனை பெரிய பூமி சுழன்றும் காலவெளி இவ்வளவுதான் முறுக்கிக்கொள்கிறது.

இதுவரை மத்தும் மோரும் நமக்குத் துணை வந்தன. நடுவில் விழும் குழியில்தான் உவமை உடைகிறது. மோரில் குழி விழுவதற்குக் காரணம், சுழலும் மோர் வெளிப்புறமாக ஒதுங்கி விளிம்பில் ஏறுவதுதான். கடைவதை நிறுத்திய சிறிது நேரத்தில் குழி தூர்ந்துவிடும். காலவெளியின் வளைவு அப்படி உண்டாவதில்லை. அதைப் பொருளின் நிறையும் ஆற்றலும் உண்டாக்குகின்றன; சுழலாமல் இருந்தாலும் அந்த வளைவு இருக்கும். சுழற்சிக்கும் ஆற்றல் உண்டு, ஆற்றலுக்கு எடை உண்டு. ஆகவே ஒரு பொருளை வேகமாகச் சுழற்றினால் அதன் ஈர்ப்பு சற்றுக் கூடும். கூடுகிற அந்த ஈர்ப்பு துளையைத் திறக்க உதவுமா, மூட உதவுமா என்பதுதான் இனி நாம் பார்க்க வேண்டியது.

புழுத்துளை என்பது குழி அல்ல, வாய்க்கால். காலவெளியின் ஓரிடத்திலும் தொலைவிலுள்ள வேறோர் இடத்திலும் இரண்டு வாய்கள் இருக்க, அவற்றை ஒரு குறுகிய கழுத்து இணைக்கும். ஐன்ஸ்டைனும் நாதன் ரோசனும் 1935-ல் தந்த கணிதத்தில் இத்தகைய பாலம் ஒன்று இருந்தது. ஜான் வீலர் 1957-ல் அதற்குப் புழுத்துளை என்ற பெயரைச் சூட்டினார். ஆனால் 1962-ல் ராபர்ட் ஃபுல்லரோடு சேர்ந்து அதே வீலர், அந்தப் பாலத்தின் கழுத்து திறந்த வேகத்திலேயே இறுகி அறுந்துவிடும் என்றும், ஒளிகூட அதற்குள் கடந்துபோக முடியாது என்றும் நிறுவினார்.

ஏன் இறுகுகிறது? இதற்கு விடை சொல்லும் சமன்பாடு நம் நாட்டில் பிறந்தது. கொல்கத்தாவைச் சேர்ந்த அமல்குமார் ராய்சவுத்ரி 1955-ல் வெளியிட்ட அந்தச் சமன்பாடு, ஒன்றையொன்று ஒட்டிப் பயணம் செய்யும் பாதைகளின் கற்றை போகப் போகக் குவியுமா விரியுமா என்பதைக் கூறுகிறது. பின்னாளில் ரோஜர் பென்ரோஸ் தம்முடைய புகழ்பெற்ற 1965-ஆம் ஆண்டுத் தேற்றத்தை இந்த வகைக் குவிதலின் மேல்தான் கட்டினார். அதற்காக 2020-ல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. ராய்சவுத்ரியின் பெயர் நம் பள்ளிப் புத்தகங்களில் இன்னும் பெரிதாக இடம்பெறவில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

சமன்பாட்டைச் சொற்களில் சொல்கிறேன். முதியவர்கள் படிப்பதற்குக் கையில் வைத்துக்கொள்ளும் உருப்பெருக்கிக் கண்ணாடியை வெயிலில் பிடித்தால், கதிர்கள் ஒரு புள்ளியில் குவிந்து காகிதத்தைக் கருக்கும். நாம் அறிந்த பொருள்கள் அனைத்தும், கல்லும் கடலும் சூரியனும், ஒளிக்கு அந்தக் குவிவில்லையைப் போன்றவை. சூரியனை உரசிக்கொண்டு வரும் விண்மீன் ஒளி 1.75 வில்நொடி உள்நோக்கி வளைகிறது. 1919-ஆம் ஆண்டுச் சூரிய கிரகணத்தில் சரிபார்க்கப்பட்டது இதுதான். புழுத்துளையின் கழுத்தோ இதற்கு நேர்மாறான வேலையைச் செய்தாக வேண்டும். ஒரு வாயில் நுழைந்து நெருங்கி வரும் கதிர்கள் மறுவாயில் விரிந்து வெளியேற வேண்டும் என்பதால், கழுத்து குழிவில்லையாக இருக்க வேண்டும். நிறையைக் கூட்டக் கூட்டக் குவிவில்லைதான் வலுப்பெறுமே அன்றி, அது ஒருநாளும் குழிவில்லையாக மாறிவிடாது. கழுத்தைத் திறந்து வைப்பதற்கு எதிர்ம ஆற்றல், அதாவது வெற்றிடத்தையும்விடக் குறைந்த ஆற்றல், கொண்ட பொருள் தேவை என்று 1988-ல் மைக்கேல் மோரிஸும் கிப் தோர்னும் காட்டியதன் சாரம் இதுவே.

இங்கே நியாயமான ஓர் ஐயம் எழும். எனக்கும் முதன்முறை படித்தபோது எழுந்தது. ராய்சவுத்ரியின் சமன்பாட்டில் குவிதலை எதிர்க்கும் உறுப்பு ஒன்று உண்டு, அதுவும் சுழற்சியைக் குறிக்கும் உறுப்புதான். அப்படியிருக்க, சுழற்சி ஏன் கழுத்தைத் திறந்து வைக்கக்கூடாது? இதற்கு விடை நுட்பமானது. அந்த உறுப்பு குறிப்பது பாதைகளின் கற்றை தானே கயிறுபோல் ஒன்றையொன்று சுற்றிக்கொள்வதை; நடுவில் இருக்கும் கனமான பொருள் சுழல்வதை அன்று. ஒரு கோளத்தின் பரப்பு முழுவதிலிருந்தும் ஒரே நேரத்தில் செங்குத்தாகப் புறப்படும் ஒளிக்கதிர்களை எடுத்துக்கொண்டால், அவை புறப்படும்போது அந்த முறுக்கு இருப்பதில்லை. இடையில் எவ்வளவு கனமான பொருள் எவ்வளவு வேகமாகச் சுழன்றுகொண்டிருந்தாலும், வழியில் அந்த முறுக்கு புதிதாக ஏறுவதும் இல்லை. கற்றை முழுவதும் பக்கவாட்டில் இழுபடும், சாயும், உருக்குலையும். உருக்குலைவது குவிதலை மேலும் விரைவாக்கத்தான் செய்யும். கழுத்துக்குத் தேவைப்படும் கற்றை இத்தகையது என்பதால், நடுப்பொருளின் சுழற்சி அதற்குக் கைகொடுப்பதில்லை.

எட்வர்ட் டியோ 1998-ல் சுழலும் புழுத்துளைகளின் கணிதத்தை எழுதியபோது இது இன்னும் தெளிவாயிற்று. அவருடைய புழுத்துளைகளிலும் எதிர்ம ஆற்றல் தேவைப்பட்டது. சுழற்சி செய்த உதவி வேறு வகையானது: அந்தப் பொருளைக் கழுத்தில் ஓரிடத்தில் ஒதுக்கிவைத்து, பயணி அதைத் தொடாமலே கடந்துபோகும் பாதைகள் சிலவற்றை அமைக்க அது இடம் தந்தது. கதவின் நிலையைத் தள்ளிவைக்கலாம், ஆனால் நிலை இல்லாமல் கதவு நிற்காது.

இனி, வேகத்தைக் கூட்டினால் என்ன என்ற தங்கள் கேள்வியின் மறுபாதிக்கு வருகிறேன். வேகத்துக்கு இயற்கையிலேயே ஒரு வரம்பு உண்டு. சுழன்றபடியே சீரான துடிப்புகளை வீசும் அடர்ந்த விண்மீன் எச்சங்களைத் துடிவிண்மீன்கள் என்பார்கள். நாம் அறிந்த துடிவிண்மீன்களில் மிக வேகமானது டெர்சான் 5 என்ற விண்மீன் கொத்தில் இருக்கிறது. சூரியனைவிடக் கனமான அந்த உருண்டை நொடிக்கு 716 முறை சுழல்கிறது. அதன் ஆரத்தை 12 கி.மீ. என்று வைத்துக்கொண்டால், நடுக்கோட்டில் நிற்கும் ஒரு மணல் துகள் நொடிக்கு ஏறத்தாழ 54,000 கி.மீ. வேகத்தில் சுற்றிவரும். வேகத்தை இன்னும் மிகுதியாகக் கூட்டினால் அது துளைத்துக்கொண்டு போகாது. நடுக்கோட்டிலிருந்து பொருள் பிய்த்துக்கொண்டு வெளியே பறக்கும். ஒளிகூடத் தப்ப முடியாத கருந்துளைக்கும் தன் நிறைக்கேற்ற உச்சச் சுழற்சி உண்டு, அதற்கு மேல் கோண உந்தம், அதாவது நிறையும் பரவலும் வேகமும் சேர்ந்த சுழற்சியின் அளவு, ஏறாது. வியப்பு என்னவென்றால், நாம் வாழும் பூமியின் கோண உந்தம், அதே நிறையுள்ள கருந்துளை ஒன்றுக்கு அனுமதிக்கப்பட்ட உச்சத்தைப் போல 700 மடங்குக்கும் மேல். பூமியை 9 மில்லிமீட்டர் ஆரமுள்ள கருந்துளையாக நசுக்க வேண்டுமானால், முதலில் அந்தச் சுழற்சியில் பெரும்பகுதியைக் கழற்றி எறிந்தாக வேண்டும். ஆகவே சுழற்சி போதாமல்தான் புழுத்துளை திறக்கவில்லை என்பது சரியன்று. தேவைப்படும் ஆற்றலின் குறி வேறு. அது கழித்தல் குறி. எவ்வளவு சுழற்றினாலும் கூட்டல் குறி கழித்தல் குறியாக மாறாது.

எதிர்ம ஆற்றல் வெறும் கற்பனையா என்றால், அதுவும் இல்லை. வெற்றிடத்தில் மிக நெருக்கமாக வைக்கப்பட்ட இரண்டு உலோகத் தகடுகளின் இடைவெளியில் ஆற்றல், வெற்றிடத்தின் ஆற்றலைவிடக் குறைந்து எதிர்மமாகும் என்று 1948-ல் ஹென்ட்ரிக் காசிமிர் கணித்தார். அதனால் தகடுகளுக்கிடையே எழும் விசையை 1997-ல் ஸ்டீவ் லாமரோ துல்லியமாக அளந்தார். அளவுதான் பிரச்சினை. ஒரு மீட்டர் அகலத்துக்குக் கழுத்தைத் திறந்து வைக்க, வியாழன் கோளின் நிறையை ஒத்த அளவில் எதிர்மப் பொருள் வேண்டும். எதிர்ம ஆற்றலை எவ்வளவு சேர்க்கலாம், எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம் என்பதற்குக் குவாண்டம் விதிகளே கடுமையான உச்சவரம்பு விதிக்கின்றன என்று லாரன்ஸ் ஃபோர்டும் தாமஸ் ரோமனும் 1990-களில் காட்டினார்கள்.

கேள்வி: ஐயா, சுழலும் கருந்துளையின் மையத்தில் இருப்பது புள்ளி அல்ல, வளையம் என்றும், அந்த வளையத்தின் நடுவே புகுந்தால் வேறொரு பிரபஞ்சத்துக்குப் போய்விடலாம் என்றும் ஒரு காணொளியில் பார்த்தேன். இது உண்மையா? உண்மையானால் சுழற்சியே புழுத்துளையை உண்டாக்கிவிடுகிறது அல்லவா?
– மேல்நிலை இரண்டாமாண்டு மாணவர், கொடைக்கானல்

பதில்: தம்பி, கேள்வி மிகச் சரியான இடத்தில் கைவைக்கிறது. முதல் கேள்விக்கு நான் தந்த விடைக்கு எதிராக யாரேனும் வாதாட விரும்பினால், இதைத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

நியூசிலாந்தைச் சேர்ந்த ராய் கெர் 1963-ல் இரண்டே பக்கங்களில் சுழலும் கருந்துளைக்கான தீர்வை வெளியிட்டார். அதைத் தாளில் விரித்துக்கொண்டே போனால், நீங்கள் பார்த்தது அத்தனையும் கிடைக்கும். உள்ளே இரண்டு எல்லைகள் உண்டு. வெளி எல்லையைக் கடந்தபின் திரும்ப முடியாது. உள் எல்லையைக் கடந்தபின் வளையத்தை மோதாமல் அதன் நடுவே போகலாம். அப்பால் வேறொரு காலவெளி விரிகிறது. கணிதத்தில் இதில் பிழையே இல்லை. ஆனால் அந்தக் கணிதம், தொடக்கமே இல்லாமல் என்றென்றும் தனியாகச் சுழன்றுகொண்டிருக்கும், ஓர் ஒளித்துகள்கூட வந்து விழாத கருந்துளையைப் பற்றியது. அப்படிப்பட்ட கருந்துளை எங்கும் இல்லை. உண்மையான கருந்துளை ஒரு விண்மீன் சரிந்து பிறக்கிறது, அதன்மேல் ஒளியும் தூசியும் இடைவிடாமல் விழுகின்றன.

அப்படி விழும் ஒளிக்கு என்ன ஆகிறது என்பதைப் புரிந்துகொள்ள, உங்கள் ஊரையே எடுத்துக்கொள்ளலாம். கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 1911 முதல் 1923 வரை இயக்குநராக இருந்த ஜான் எவர்ஷெட், சூரிய ஒளியின் நிறமாலைக் கோடுகள் எவ்வளவு இடம் பெயர்ந்திருக்கின்றன என்று ஆண்டுக்கணக்கில் அளந்துகொண்டிருந்தார். சூரியனின் ஈர்ப்பிலிருந்து ஏறி வெளியே வரும் ஒளி களைத்து, அதன் அதிர்வெண் பத்து லட்சத்தில் இரண்டு பங்கு குறைந்து, சிவப்புப் பக்கம் நகர வேண்டும் என்பது ஐன்ஸ்டைனின் கணிப்பு. சூரியப் பரப்பில் கொதித்து ஏறி இறங்கும் வாயுக்களின் ஓட்டமும் கோடுகளை நகர்த்தும் என்பதால், அதையும் இதையும் பிரித்தறிவது அன்றைய கருவிகளுக்குப் பெரும்பாடாக இருந்தது. காலவெளியின் வளைவைப் பற்றிய உலக விவாதத்தின் தொடக்க நாள்களிலேயே பழனி மலையிலிருந்து அளவீடுகள் போய்ச் சேர்ந்தன என்பதை அங்கே படிக்கும் மாணவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஏறும் ஒளி சிவப்பானால், இறங்கும் ஒளி நீலமாகும். அதாவது அதன் ஆற்றல் கூடும். சூரியனில் இது மிகச் சிறிய விளைவு. சுழலும் கருந்துளையின் உள் எல்லையிலோ இதற்கு வரம்பே இல்லை. அங்கே நெருங்குகிற பயணியின் கடிகாரத்தில் சில கணங்கள் கழிவதற்குள், வெளி உலகத்தில் இனிமேல் வரப்போகும் காலம் அத்தனையிலும் விழப்போகும் ஒளி முழுவதும், ஒவ்வொரு துளியும் எல்லையற்ற ஆற்றலோடு, அவர்மேல் வந்து குவியும். பென்ரோஸ் 1968-ல் இந்த ஆபத்தைச் சுட்டிக்காட்டினார். 1990-ல் எரிக் பாய்சனும் வெர்னர் இஸ்ரேலும், உள்ளே விழும் ஆற்றலும் அங்கிருந்து சிதறித் திரும்பும் ஆற்றலும் எதிரெதிரே கடந்து செல்லும்போது உள் எல்லை அருகே நிறையே கட்டுக்கடங்காமல் பெருகும் என்று கணக்கிட்டார்கள். வளையத்தை அடைவதற்கு முன்பே வழி அடைபட்டுவிடுகிறது.

2017-ல் மிஹாலிஸ் டஃபர்மோஸும் ஜொனாதன் லுக்கும், அந்த எல்லை வரையிலும் காலவெளி அறுந்துபோகாமல் தொடர்கிறது என்று நிறுவியதைச் சிலர் கதவு திறந்திருப்பதற்குச் சான்றாகக் காட்டுகிறார்கள். அது சரியான வாசிப்பு அன்று என்பது என் கருத்து. ஒரு துணியைக் கசக்கினாலும் துணி கிழிவதில்லைதான். ஆனால் மடிப்பு விழுந்த இடத்தில் அது வழவழப்பாக இருப்பதில்லை. தொடர்ச்சி இருக்கிறது என்பது மட்டும் அந்த எல்லைக்கு அப்பால் ஐன்ஸ்டைனின் சமன்பாடுகள் பழையபடி பொருந்தும் என்பதற்கு உத்தரவாதம் ஆகாது.

சுழலும் கருந்துளைகள் இருப்பதில் மட்டும் ஐயமே வேண்டாம். 2015 செப்டம்பர் 14 அன்று பதிவான ஈர்ப்பலையை, அதாவது காலவெளியில் பரவும் அதிர்வை, உண்டாக்கிய மோதலில் பிறந்த கருந்துளை, உச்சத்தில் சுமார் 67 விழுக்காடு சுழற்சியுடன் பிறந்தது. எம் 87 விண்மீன் மண்டலத்தின் நடுவிலிருந்து பீறிடும் தாரை, ஏறத்தாழ 11 ஆண்டுக்கு ஒருமுறை பம்பரத்தின் தலைபோல் சுற்றி ஆடுகிறது என்று 2023-ல் அறிவித்தார்கள். அங்குள்ள கருந்துளை சுழன்று காலவெளியை இழுப்பதுதான் அதற்குக் காரணம் என்று கொள்கிறார்கள். நீங்கள் மேற்படிப்புக்கு இயற்பியலை எடுத்தால், சுப்ரமணியன் சந்திரசேகர் கருந்துளைகளின் கணிதத்தைப் பற்றி 1983-ல் வெளியிட்ட பெருநூலை ஒருநாள் கையில் எடுங்கள். அதில் கணிசமான பகுதி இந்தக் கெர் தீர்வுக்கே உரியது.

கேள்வி: முடிவில்லாத நீளமுள்ள உருளை ஒன்றை ஒளியின் வேகத்துக்கு நெருக்கமாகச் சுழற்றி, அதைச் சுற்றிவந்தால் கடந்த காலத்துக்குத் திரும்பலாம் என்கிறார்களே?
– ஒரு வாசகர், குன்னூர்

பதில்: வான் ஸ்டோக்கம் 1937-ல் எழுதிய தீர்வை வைத்து, 1974-ல் ஃபிராங்க் டிப்லர் சொன்னது அது. காலவெளி அவ்வளவு முறுக்கிக்கொண்டால், எதிர்காலத்தை நோக்கிய பாதையே வளைந்து தொடங்கிய நேரத்துக்கு வந்து சேரும் என்பது கணக்கு. ஆனால் அதற்கு உருளை உண்மையாகவே முடிவற்றதாக இருக்க வேண்டும். முடிவுள்ள உருளையைக் கொண்டு, முன்பு இல்லாத அத்தகைய பாதையை ஒரு வரையறுத்த இடத்தில் புதிதாக உண்டாக்க வேண்டுமானால், எதிர்ம ஆற்றல் தேவைப்படும் என்று 1992-ல் ஸ்டீபன் ஹாக்கிங் நிறுவினார். கோத்தகிரி வாசகிக்குச் சொன்ன கழித்தல் குறி இங்கேயும் வந்து வழிமறிக்கிறது.

கேள்வி: முத்தோரையில் மலைச்சரிவில் நிற்கும் ரேடியோ தொலைநோக்கியைத் தினமும் பேருந்திலிருந்து பார்க்கிறேன். அதைக் கொண்டு புழுத்துளையைத் தேட முடியுமா?
– ஒரு வாசகர், உதகமண்டலம்

பதில்: அந்தத் தொலைநோக்கி கட்டப்பட்ட விதமே சுழற்சியைப் பற்றிய ஒரு பாடம் என்பதால், முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் கட்டப்பட்டு 1970-ல் இயங்கத் தொடங்கிய அது, 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உடையது. 24 சட்டங்களின் மேல் 1,100 மெல்லிய எஃகுக் கம்பிகள் இழுத்துக் கட்டப்பட்டிருக்கின்றன. வடக்குத் தெற்காகச் சாய்ந்த அந்தச் சரிவின் சாய்வு சுமார் 11 பாகை, அந்த இடத்தின் அட்சரேகையும் அதே 11 பாகை. ஆகவே தொலைநோக்கியின் நீண்ட அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகப் படுத்திருக்கிறது. அந்த ஓர் அச்சில் மட்டும் திருப்பிக்கொண்டே போனால், பூமி சுழலச் சுழல ஒரு விண்மீனை ஒன்பது மணி நேரத்துக்கும் மேலாகப் பின்தொடரலாம். இப்படி ஒரு சரிவைத் தேடிக் கண்டுபிடித்தவர்களின் கூர்மையை நினைத்து, அந்த வழியே போகும்போதெல்லாம் நான் சற்று நின்று பார்ப்பதுண்டு.

துடிவிண்மீன்களின் துடிப்பை அங்கே பல ஆண்டுகளாகக் கேட்டுவருகிறார்கள். சுழலும் பொருள் காலவெளியை இழுப்பதை விண்வெளியில் உறுதிப்படுத்தத் துடிவிண்மீன்களைவிட நல்ல கடிகாரம் கிடையாது. ஒரு துடிவிண்மீனும், எரிந்து முடிந்த சிறிய விண்மீனான ஒரு வெண்குறுமீனும் ஐந்து மணி நேரத்துக்குள் ஒன்றையொன்று சுற்றிவரும் ஓர் இணையை, ஆஸ்திரேலியாவில் உள்ள தொலைநோக்கிகளால் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து, வெண்குறுமீனின் சுழற்சி அந்தச் சுற்றுப்பாதையையே மெல்லச் சாய்த்துவருகிறது என்று 2020-ல் அறிவித்தார்கள். நீலகிரித் தொலைநோக்கி செய்யும் வேலையும் இந்த வகைக் கடிகாரங்களைக் கவனிப்பதுதான்.

புழுத்துளையைத் தேடுவதற்கு வேறு வகைக் கருவி வேண்டும். எதிர்ம நிறையுள்ள ஒரு புழுத்துளை வாய், நமக்கும் தொலைவிலுள்ள ஒரு விண்மீனுக்கும் குறுக்கே கடந்துபோனால், அது குழிவில்லையைப் போல ஒளியை விலக்கிவிடும். சாதாரணப் பொருள் கடந்தால் விண்மீன் மெல்லப் பிரகாசித்து, ஓர் உச்சத்தைத் தொட்டு, மெல்லத் தணியும். எதிர்ம நிறையுள்ள வாய் கடந்தால், முதலில் ஒரு கூர்மையான உச்சம் எழும். பின் விண்மீன் சட்டென்று மங்கும். வாய் விலகும்போது மீண்டும் அதே போன்ற கூர்மையான உச்சம் எழுந்து, மெதுவாகப் பழைய நிலைக்குத் திரும்பும். இந்த இரட்டை உச்சத்தை 1995-ல் ஆறு ஆய்வாளர்கள் சேர்ந்து கணக்கிட்டு வெளியிட்டார்கள். லட்சக்கணக்கான விண்மீன்களின் ஒளியை இரவுதோறும் பதிவு செய்யும் கண்ணொளித் தொலைநோக்கிகளில்தான் இதைத் தேட முடியும். அவற்றின் பதிவுகளில் ஒற்றை உச்சம் கொண்ட நிகழ்வுகள் ஆயிரக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. நடுவில் இருள் விழுந்த இந்த இரட்டை உச்சத்தைக் கண்டதாக உறுதிசெய்யப்பட்ட அறிவிப்பு எதுவும் இல்லை.